ஆட்டத்தின் நடுவே ஒரு குளியல்

முதல் ஆட்டத்தின் நடுவிலேயே தலைக்குக் குளித்து, எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்துச் சீவிய தொழில்முறைக் கால்பந்துக்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். இந்தப் பெருமையை என்னிடமிருந்து யாரும் தட்டிப் பறிக்க முடியாது. (இதுவரை யாரும் முயற்சி செய்யவும் இல்லை.)

எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில், கூரைக்குக் கீழே ஆடுகிற கால்பந்தில், ஃபார்வர்டாக நாலு வருஷம் ஆடிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். தூத்துக்குடியில் இதைச் சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேருக்கு நான் போட்ட கோல் ஒன்றுகூட ஞாபகமில்லை. குளித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் பிலோமினா. அவளுடைய அப்பா கபிரியேல் தண்டல், கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர். அவர் குரல் கொடுத்தால் துறைமுகத்தில் நிற்கிற காக்கா எல்லாம் ஒருமுறை பறந்து உட்காரும். அவர் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பெண் கேட்டேன். (இருபத்திரண்டு வயதில் மூளை முழங்காலில் இருக்கும்.)

"என்னல சோலி பாக்க?" என்றார்.

"ஃபுட்பால் ஆடுதேன் மாமா."

"அது சரி. சோலி என்ன பாக்க?"

நான் எழுந்து வெளியே நடந்தேன். அவர் வாசல்வரை வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏலே, பந்த எத்துததுக்கு எவனாவது மாசச் சம்பளம் தாரான்னா அன்னைக்கு வா. மறுபேச்சு பேசாம பொண்ணத் தாரேன்!"

தெருவே சிரித்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்ற பிலோமினாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அந்த வீம்பில்தான் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினேன்.

எங்கள் சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருந்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிர்காலம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் உறைந்து கப்பல் அப்படியே மாட்டிக்கொண்டது. பனி உருகும்வரை வேலையும் கிடையாது, வெளியேறவும் வழியில்லை. கப்பல்காரர்களைக் கவனித்துக்கொள்ள அந்த ஊரில் ஒரு சாமியார் இருந்தார். (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) அவருடைய கோவில் மண்டபத்துச் சுவரில் நான் பொழுது போகாமல் பந்தை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஊர் கிளப்பின் கோச்சிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

சுவரில் அடிப்பது எனக்குக் கைவந்த கலை. இல்லை, கால்வந்த கலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் மைதானம் குளமாகிவிடும். அப்போதெல்லாம் காலியாகக் கிடக்கும் பஞ்சுக் குடோனுக்குள், எங்கள் பேச்சில் கிட்டங்கிக்குள், புகுந்து ஆடுவோம். அங்கே பந்து வெளியே போகவே போகாது. நாலு பக்கமும் சுவர், பட்டுத் திரும்பி வரும். எதிராளியின் தலைக்குமேல் அடிப்பதைவிடச் சுவரில் அடித்து அவனுக்குப் பின்னால் எடுப்பது சுலபம். அமெரிக்காவில் பார்த்தால், பனிச்சறுக்கு அரங்கத்தின்மேல் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் பலகை அடித்து, அதே ஆட்டத்தைப் பெரிய மனிதர்கள் டிக்கெட் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள்!

கோச் ஹங்கேரிக்காரர். சிவந்த முகம், தடித்த மீசை. சனிக்கிழமை ஆட்டத்தில் என்னை இறக்கிப் பார்ப்பதாகவும், தேறினால் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும் சாமியார் வழியாகச் சொன்னார். அப்புறம் கரும்பலகையில் அம்புக்குறி அம்புக்குறியாக வரைந்து அரைமணி நேரம் விதிகளை விளக்கினார். அவருடைய இங்கிலீஷ் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் சம்பளம் போய்விடுமோ என்று பயந்து, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் "யெஸ் சார்" போட்டேன். இவ்வளவு பணிவான ஃபார்வர்டை அவர் பார்த்ததே இல்லையாம்.

சனிக்கிழமை சாயங்காலம். என் பக்கத்து ரசிகர் மன்றம் மொத்தமும் ஒரே ஆள்: எங்கள் கப்பல் சமையல்காரர் மரியதாஸ் அண்ணாச்சி. அவரும் தூத்துக்குடிதான். மூன்று ஸ்வெட்டருக்குமேல் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதினார்கள். பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பலகையில் ஒரு அடி, திரும்பி வந்ததை எடுத்து ஒரு பாஸ், கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்த ஒரு ஷாட். ஜனங்கள் "ஓ" என்றார்கள். கபிரியேல் தண்டலே, பொண்ணை ரெடி பண்ணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டே நிமிஷம். கோச் கத்தி, கையை ஆட்டி, என்னை வெளியே வரச் சொன்னார். எனக்குப் பதிலாக இன்னொருவன் பலகையைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடினான்.

அந்த ஆட்டத்தில் ஆட்களை இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், போனவன் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி வருவான் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். (அந்த அம்புக்குறி எல்லாம் அதற்குத்தான்.) அன்றைக்கு எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றுதான். எங்கள் டோர்னமெண்டில் ஒருவனை வெளியே கூப்பிட்டால், அவன் கதை முடிந்தது. ஜனங்கள் ஊளையிடுவார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ரோஷமுள்ளவன் அங்கே நிற்க மாட்டான்.

எனக்கு ரோஷத்துக்கா பஞ்சம்? பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் வரிசையாகக் கைகொடுத்தேன். அவர்களும் ஒன்றும் புரியாமல் கொடுத்தார்கள். நான் மூத்திரம் பெய்யப் போகிறேன் என்று கோச் நினைத்துக்கொண்டாராம். உள்ளே போய், ஷவரைத் திறந்து, சுடுதண்ணீருக்குக் கீழே நின்று அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கி ஏங்கி அழுதேன். இனி எந்த முகத்தோடு பிலோமினா தெருவில் நடப்பேன்?

குளித்துவிட்டு வந்தால், அண்ணாச்சி துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மீசைக்காரனுக்கு ஆட்டத்தப் பத்தி என்னல தெரியும்? ரெண்டு நிமிசத்துல வெளிய அனுப்புதான், பாவி!"

"விடுங்க அண்ணாச்சி. என் தலையெழுத்து."

"அழாதல. கப்பல்ல மீன் கொழம்பு சுண்ட வச்சிருக்கேன். பைய குடு, நான் முன்னாடி போயி பஸ்ஸு வருதான்னு பாக்கேன். நீ வெரசா வா."

ஜெர்சியும் பூட்ஸும் கிளப்புடையது என்பதால் மடித்து ஒழுங்காக வைத்திருந்தேன். (தோற்றாலும் கண்ணியம் முக்கியம்.) டிரவுசர் என் சொந்தம், ஆகவே அது பையோடு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டது. நான் கட்டம் போட்ட சாரத்தை (லுங்கியை) கட்டிக்கொண்டேன். போட வேண்டிய பேண்ட்டை ஆணியில் இருந்து எடுக்கும்முன், உறைந்து கட்டியாகிவிட்ட தேங்காய் எண்ணெயை ஹீட்டர்மேல் வைத்து உருக்கி, தலையில் நன்றாக ஊற்றித் தேய்த்துச் சீவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கதவை உடைக்கிற மாதிரி தள்ளிக்கொண்டு கோச் வந்தார்.

சாரத்தைப் பார்த்தார். சீப்பைப் பார்த்தார். என் தலையில் இருந்து சொட்டிய எண்ணெயைப் பார்த்தார். மீசை துடித்தது.

நான் மரியாதையாக, "தேங்க் யூ சார். குட் பை சார்" என்றேன்.

அவர் தன் தாய்மொழியில் ஏதோ சொன்னார். நிச்சயமாக ஜெபம் இல்லை. அப்புறம் விரலால் மைதானத்தைக் காட்டி, "ப்ளே! ப்ளே!" என்று கத்தினார். ஒரு ஃபார்வர்டுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். ஒரு கோல் பின்னால் இருக்கிறோமாம். என்னை அரங்கம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.

மறுபடியும் ஆடலாமா! எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் டிரவுசர் வரவில்லையே? மாற்று கோல்கீப்பர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அவர் இடுப்பில் என்னை மாதிரி மூன்று பேர் குடியிருக்கலாம். சாரத்தை முறுக்கிக் கயிறாக்கி, டிரவுசருக்குமேல் இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டேன். மிச்சம் பின்னால் வாலாகத் தொங்கியது. அந்தக் கோலத்தில் பலகையைத் தாண்டிக் குதித்தேன். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. கபிரியேல் தண்டல் தெருவையே பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு சிரிப்பா?

முதல் கோல் கிட்டங்கி பாணி. பலகையில் ஓங்கி ஒன்று, தடுக்க வந்தவன் பந்து எங்கே என்று தேடுவதற்குள் அவனுக்குப் பின்னால் எடுத்து உள்ளே தள்ளினேன். சமம். சிரிப்பு நின்றது.

உடனே கோச் வெளியே கூப்பிட்டார். இந்தமுறை நான் பெஞ்சில் உட்கார்ந்ததும், என் சார வாலை எட்டிப் பிடித்துத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். மறுபடி இறக்கும்போதுதான் விட்டார். கடைசிவரை அப்படித்தான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். வலப்பக்கம் இருந்து பந்து உயரமாக வந்தது. தலையால் முட்டினேன். நான் குறி வைத்தது இடப்பக்க மூலை. கோல்கீப்பரும் அங்கேதான் பாய்ந்தார். ஆனால் நடுவில் கால் பாட்டில் தேங்காய் எண்ணெய் இருந்ததே! பந்து வழுக்கி, திசை மாறி, சாவகாசமாக வலப்பக்க மூலைக்குள் போனது. அந்த கோல்கீப்பர் பந்தை எடுத்துத் துடைத்து, முகர்ந்து பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மணி அடித்தது. ஜெயித்துவிட்டோம்! என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த நேரம் பார்த்து, மீசையெல்லாம் பனியோடு அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"ஏலே, ரெண்டு பஸ்ஸு போயிட்டு! எங்கன போய்த் தொலஞ்ச?" என்றவர் நிமிர்ந்து பார்த்து, "அங்கன மேல என்னல செய்யுத?" என்றார்.

அன்றைக்கே சம்பளம் பேசி முடித்தார்கள். மற்ற ஏற்பாடுகளைக் கிளப்பும் சாமியாரும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு நான் ஒழுங்கான டிரவுசரோடு போனேன். கேலரியைப் பார்த்தால், நூறு பேராவது கட்டம் போட்ட மேஜை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாலை ஆட்டி என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷமும் அந்த வால்கள் ஆடின. அவற்றுக்காகவே நானும் வெறிகொண்டு ஆடினேன்.

முதல் சீசன் முடிந்து லீவில் ஊர் திரும்பியபோது நேராகக் கபிரியேல் தண்டல் வீட்டுக்குத்தான் போனேன். எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்ட மரியதாஸ் அண்ணாச்சி, குளியல் உட்பட ஒன்றையும் விடாமல் துறைமுகம் பூராவும் சொல்லி முடித்திருந்தார். தண்டல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். உள்ள வாரும்" என்றார். 'ஏலே' போய் 'வாரும்' வந்துவிட்டது! அமெரிக்காவில் தூக்கியபோதுகூட நான் அவ்வளவு உயரத்தில் இல்லை.

கல்யாணத்தன்று கோவில் வாசலில் போட்டோ எடுத்தார்கள். ஊரே கூடி நின்றது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு படம் எடுத்தபிறகு போட்டோக்காரர், "மாப்பிள்ள கொஞ்சம் வெளிய வாங்க, பொண்ண மட்டும் ஒண்ணு எடுத்துக்கிடுதேன்" என்றார். நான் சொன்ன பேச்சுக் கேட்டு ஒதுங்கினேன்.

கூட்டத்துக்கு நடுவில் இருந்து, துறைமுகத்துக் காக்காவெல்லாம் எழும்பிப் பறக்கிற மாதிரி என் மாமனாரின் குரல் வந்தது:

"ஏ மாப்ள! குளிக்கப் போயிராதேயும்! திருப்பிக் கூப்பிடுவாவ!"

அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. மணப்பெண் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டிய படத்தில், பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.