யூரியா சாரின் உருளைக்கிழங்கு

இந்தத் திருச்சி வெயிலில் உருளைக்கிழங்கு விளைவித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிய ஒரே மனிதர், கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரான யூரியா சார்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

அவர் இப்படிக் கிளம்பக் காரணம் அவர் மனைவி சாந்தா அக்கா. ஊட்டிக்காரர். வருஷத்துக்கு ஒரு மூட்டை கிழங்கு அண்ணன் அனுப்புவார். அது தீர்ந்து, சார் காந்தி மார்க்கெட்டிலிருந்து எதை வாங்கி வந்தாலும், "எங்க அண்ணன் தோட்டத்துக் கிழங்கு கிட்ட வராதுங்க" என்பார் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து கேட்ட மனுஷனுக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது.

"உன் வாயாலயே நல்லா இருக்குன்னு சொல்ல வைக்கிறேன் பாரு!"

கார்த்திகையில் கொல்லையில் நட்டார். செடி லேசாகச் சோம்பல் முறித்தாலும் ஒரு பிடி யூரியா. பேர் வந்தது அப்படித்தான். செடி என்றால் செடி, அப்படியொரு செடி! இடுப்பு உயரம், கரும்பச்சை. தெருவே வந்து செல்ஃபி எடுத்தது. மனுஷன் தலைகால் புரியாமல் எல்லாரையும் போண்டாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, மண்ணைக் கிளறினால் கோலிக்குண்டு! வேகவைத்தால் அதுவும் சளசளவென்று தண்ணீர்.

"இலை இவ்வளவு இருக்கே, பஜ்ஜி போடலாமா சார்?" என்றேன்.

"ஐயோ, அது விஷம்ங்க!" என்று அலறினார்.

அக்கா கிழங்குக்குப் பதிலாக வெங்காயம் நறுக்கினார். போட்ட சத்தெல்லாம் இலைக்கே போய்விட்டது என்று சாருக்கு அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த வருஷம் நடும்போது கொஞ்சம் யூரியா, மண் அணைக்கும்போது கொஞ்சம், அத்தோடு சரி. செடி முழங்காலைத் தாண்டவில்லை. கடைசியில் மஞ்சளடிக்க வேறு ஆரம்பித்தது. "செடிக்குக் காமாலையா சார்?" என்று தெருவே கிண்டல் செய்தது. எனக்கே பொறுக்கவில்லை.

"ஒரு பிடி போடுங்களேன் சார்."

"முத்துற நேரத்துல போட்டா இலை குஷியாயிடும், கிழங்கு கெட்டுரும். சும்மா இருங்க!"

சொன்னதோடு விட்டாரா? அதே கூட்டத்தை மறுபடியும் போண்டாவுக்குக் கூப்பிட்டார். என்ன தைரியம் ஐயா!

தோண்டினார். ஒவ்வொன்றும் உள்ளங்கை நிறைய. வேகவைத்ததும் தோல் வெடித்து மாவாக உதிர்ந்தது. அக்கா ஒரு துண்டை உப்பில் தொட்டு வாயில் போட்டார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா போனை எடுத்தார்.

"அண்ணே, இந்த வாட்டி மூட்டை அனுப்பாதீங்க. எங்க வீட்டுக்காரரே விளைய வெச்சிருக்காரு. உங்களுக்கு நான் அனுப்பறேன், சாப்பிட்டுப் பாருங்க."

ஊட்டிக்கே கிழங்கு அனுப்பும் திருச்சிக்காரர்! போண்டாவுக்கு மாவு கரைக்க உள்ளே போன சாரைக் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். மனுஷன் மாவுக் கையோடு அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருக்காரர் அல்லவா!