இடது காலில் ஒரு மொழிபெயர்ப்பு

கடைசி ரத்தக் குழாயின் பெயரை எழுதி அடிக்கோடு போட்ட நேரம் பார்த்து மாமனார் கண் விழித்தார்.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"வேலை பண்றேன் மாமா."

"என் கால்லயா?"

நியாயமான கேள்விதான். மாப்பிள்ளை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவன். ஒரு மருத்துவப் பதிப்பகம், உடற்கூறு நூல் ஒன்றில் கால் அத்தியாயத்தை மட்டும் சோதனைக்குக் கொடுத்திருந்தது. தேறினால் முழு நூலும் அவனுக்கு. ஆனால் அந்தப் புண்ணியவான்கள் பெயர்களை அனுப்பினார்களே ஒழிய, படங்களை அனுப்பவில்லை. எந்தக் குழாய் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று தெரியாமல் பெயரை மாற்றினால் வம்பு. பழைய பிரெஞ்சு நூலில் 'உள் சஃபீனஸ்' என்றிருக்கும் ரத்தக் குழாய் ஆங்கில மருத்துவருக்குப் 'பெரிய சஃபீனஸ்'. சொல்லுக்குச் சொல் போட்டால் மானம் போய்விடும்.

எதிரே சாய்வு நாற்காலியில் மாமனார் அரை டிராயரோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். வாழ்நாளெல்லாம் மைதானத்தில் நின்ற கால். நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. கை சும்மா இருக்குமா? அகராதியில் படித்ததை அப்படியே வரைந்து பார்த்துவிட்டான். வேலை கச்சிதமாக முடிந்தது. தன் கையாலேயே தன் முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமனார் குனிந்து பார்த்தார். "நீலக் கோடு என்ன?"

"சிரை மாமா. ரத்தத்தை மேலே கொண்டு போறது."

"சிவப்பு?"

"தமனி. கீழே கொண்டு வர்றது. மேல எழுதினது பிரெஞ்சு, கீழ இங்கிலீஷ். தண்ணி பட்டா போயிடும் மாமா, பேனாக் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்."

மாமனார் சட்டென்று எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"போச்சு," என்றாள் மனைவி. "அப்பாவுக்குக் கோபம் வந்தா பேச மாட்டார். நாளன்னைக்கு நடைப்பயிற்சிச் சங்கத்து ஆண்டு விழா. அவர்தான் கொடி அசைக்கணும். இந்தக் காலோடயா?"

கல்யாணமான நாளிலிருந்து, மாப்பிள்ளை என்ன பண்றார் என்று யார் கேட்டாலும் மாமனார், "வீட்ல இருக்கார்," என்றுதான் சொல்வார். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதற்குத்தான் இந்த நூலையே மலைபோல் நம்பியிருந்தான்.

மறுநாள் காலை மாமனார் குளித்துவிட்டு வந்தார். கோடுகள் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தன.

"போகலையே மாப்பிள்ளை."

எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தேய்த்தான். கால் சிவந்ததுதான் மிச்சம்.

"விடுங்க, இருந்துட்டுப் போகுது," என்றார் மாமனார். அது அவனுக்குக் குத்தலாகப் பட்டது. மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டுவந்து தேய்த்தான். எழுத்து மங்கியது, மை பரவி முழங்காலுக்குக் கீழே முழுக்க நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஐயோ, சாருக்கு ரத்தம் கட்டிடுச்சே!" என்று அலறி ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டாள். மனைவி வாசலில் நின்று அதைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினாள்.

இந்த அமளியில் மாமனார் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். சாயந்திரம் வெளியே வந்தபோது கோடுகளும் பெயர்களும் புத்தம்புதிதாக மின்னின.

"உள்ள இறங்கின மை மறுபடி மேல வந்துடுச்சு போல," என்றார்.

"ரத்தத்துல கலந்திருக்குமோ?" என்று மனைவி கிசுகிசுத்தாள். அவன் கணினியில் தேடிப் பார்த்தான். தேடாமல் இருந்திருக்கலாம்.

விழா நாளன்று கெஞ்சினான். "மாமா, இன்னைக்கு ஒரு நாள் முழு பேண்ட் போட்டுக்கங்களேன்."

"பேண்ட் போட்டு ஓட வந்தவனை எல்லாம் மைதானத்தை விட்டே துரத்தினவன் நான்," என்று சொல்லிவிட்டு, அரை டிராயரும் விசிலுமாகக் கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனையைத் தாண்டியபோது பதிப்பகத்திலிருந்து செய்தி வந்தது. அவன் அனுப்பிய அத்தியாயத்தில் ஒரு பிழைகூட இல்லையாம். முழு நூலும் அவனுக்கே. நெஞ்சு நிமிர்ந்தது. பிறந்ததிலிருந்து அப்படி நிமிர்ந்ததில்லை. இதை முதலில் மாமாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று விழா நடக்கும் பூங்காவுக்கு ஓடினான்.

வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே மாமனார் பெஞ்சின் மேல் இடது காலைத் தூக்கி வைத்திருந்தார். சங்கமே சுற்றி நின்று குனிந்து பார்த்தது. அவர் எதையோ சொல்ல, கொல்லென்று சிரிப்பு எழுந்தது. ஊருக்கே விசில் ஊதிய மனிதரை இப்படிக் கேலிப்பொருளாக்கிவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது. அழுகை கடைக்காரர் மேல் கோபமாகத் திரும்பியது. நேரே பேனாக் கடைக்குப் போனான்.

"தண்ணி பட்டா போயிடும்னு சொன்னீங்களே! ரெண்டு நாளா தேய்க்கிறேன், போக மாட்டேங்குது!"

கடைக்காரர் அதே பேனாவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் கோடு போட்டு, ஈர விரலால் துடைத்துக் காட்டினார். சுத்தமாகப் போய்விட்டது.

"என்னை ஏன் சார் கோவிச்சுக்கறீங்க? முந்தாநாள் சாயந்திரமே உங்க மாமனார் வந்து, 'எங்க மாப்பிள்ளை ரெண்டு பாஷையில எழுதியிருக்கார்ப்பா, சங்கத்துல அத்தனை பேரும் பார்க்கிற வரைக்கும் ஒரு எழுத்து அழியக்கூடாது'ன்னு, அழியாத பேனாவா சிவப்புல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டாரே!"