தூக்கத்தில் நாலு கிலோமீட்டர்

காசிநாதன் மனைவியின் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டுவிட்டது.

"மெதுவாங்க, வளையல் ஒடஞ்சிரும்."

"வளையல் போனா போவுது அம்பிகா. அந்தம்மா உள்ள வர்றதுக்குள்ள இந்தப் பட்டை என் கைக்கு வரணும். இல்லாட்டி பாசஞ்சர் வண்டி எனக்கில்ல."

காசிநாதன், அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டிகளின் டிரைவர். இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குபவர். பாசஞ்சர் வண்டிக்கு மாற்றல் வரவிருந்த நேரம் பார்த்து, ரயில்வே மேலிடம் நர்மதா என்ற அதிகாரியை அனுப்பி வைத்தது. டிரைவர்களின் அசதியை அளக்க மூன்று கருவிகள். எதை நம்பலாம் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கண் இமையைக் கவனிக்கும் கேமரா ஒன்று. விளக்கு எரிந்ததும் தட்ட வேண்டிய பொத்தான் ஒன்று. தூக்கத்தை அளக்கும் கைப்பட்டை ஒன்று.

முதல் இரண்டிலும் காசிநாதனை அடிக்க ஆளில்லை.

"எங்க அசதியை அளக்கக்கூட ஒரு ஆள் வந்திருக்கீங்களே, ரொம்ப நன்றிம்மா" என்று நெகிழ்ந்தவர், கேட்காமலே காரணத்தையும் சொன்னார். "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். சிறுவாச்சூர் காளியம்மா குடுத்த வரம். போன வருஷம் வாங்குன இலவம்பஞ்சு மெத்தைக்கும் ஒரு கும்பிடு போடணும்."

மூன்றாவதுதான் கழுத்தை அறுத்தது. பட்டையைக் கட்டினால் அவருக்கு அரித்தது. கழற்றி அம்பிகாவின் கையில் மாட்டிவிட்டுப் படுத்தார். கண் மூடும்போது பக்கத்தில் படுத்திருப்பாள். கண் திறக்கும்போது காபியோடு நிற்பாள். இவர் தூக்கம்தானே அவள் தூக்கமும்?

மறுநாள் நர்மதா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், தூங்கும்போது நாலு கிலோமீட்டர் நடந்திருக்கீங்க."

"பட்டை லூசா இருந்திருக்கும்மா."

இறுக்கிக் கட்டச் சொன்னாள். அம்பிகாவின் கையில் இறுக்கிக் கட்டினார். அன்றைக்கு ஐந்து கிலோமீட்டர்.

பயத்தில் வாய் உளறியது. "சின்ன வயசுலேர்ந்தே தூக்கத்துல நடக்குற பழக்கம்மா."

"தூக்கத்துல நடக்குறவர்கிட்ட பாசஞ்சர் வண்டியக் குடுங்கன்னு நான் எப்படி சார் எழுதுறது? வீட்டுக்கே வரேன். நடக்குறத நேர்லயே பாத்துடறேன்."

இதோ வந்தும்விட்டாள். பட்டை மட்டும் கழலவில்லை. கதவு திறந்தபோது காசிநாதனின் ஒரு கையில் அம்பிகாவின் மணிக்கட்டு, மறு கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நர்மதா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு அம்பிகாவிடம் திரும்பினாள். "அப்ப பட்டை பழுதில்ல. நடந்தது நீங்கதான். ஏங்க, அவர் தூங்குற நேரத்துல எங்க நடந்தீங்க?"

"வூட்டு வேலதாங்க" என்றாள் அம்பிகா, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தபடி.

"அஞ்சு கிலோமீட்டர் நடக்குற அளவுக்கு வீடு பெருசா இல்லையே."

அம்பிகா காபி போடக் கிளம்பினாள்.

"சரி சார். உங்க தூக்கத்துக்கு இப்ப என்கிட்ட எந்த அளவும் இல்ல. பகல்ல நீங்க நிஜமாவே தூங்குனீங்கன்னு யாராவது சாட்சி சொல்லணும். இல்லாம நான் உங்களுக்குக் கையெழுத்துப் போட முடியாது."

காசிநாதன் அறையைச் சுற்றிப் பார்த்தார். மெத்தையா வந்து சாட்சி சொல்லும்?

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். காய்கறி ஆட்டோக்காரர் வைரக்கண்ணு அடிமேல் அடி வைத்து வந்து, கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"அக்கா, தெனமும் தெருவோட ரெண்டு முனைக்கும் நடந்து நடந்து எங்க மைக்க ஆஃப் பண்ண வைப்பீங்க, இன்னிக்கு ஆளையே காணோம், சார் எந்திரிச்சிட்டாரான்னு தெரியாம நாலு வண்டி முனையிலயே நிக்குது, மைக்கப் போட்டுக்கலாமா?"