ஆடாத மேசை

மேசைக் காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைக்கும் இழிநிலையிலிருந்து மனித குலம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு விடுதலை அடைகிறது என்று காசாளர் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்த மனித குலம் இரண்டு பேர்: அவர் மனைவி, மகள்.

"திரையில நான் வரையறேன், மெஷின் வெட்டுது. ஆணி கிடையாது, பசை கிடையாது. முடியளவுகூடப் பிசகாது. உன்ன மாதிரி பேப்பர் சொருகறவங்களுக்கு இனி வேலையே இல்ல."

"சரிங்க," என்றாள் மனைவி, பழைய மேசையின் ஜன்னல் பக்கத்துக் காலடியிலிருந்து காகித மடிப்பை உருவியபடி.

சாயங்காலம் மச்சான் வருகிறார். மனைவியின் அண்ணன், மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர். பிடித்தால் கடையில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். வைத்துவிட்டால், வங்கிக் கூண்டுக்குப் பெரிய கும்பிடு.

பக்கத்துத் தெருப் பட்டறையில் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல மெஷின் பலகையை வெட்டியது. காசாளர் பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல அங்குமிங்கும் நடந்தார். வீட்டுக்கு வந்து நான்கு கால்களையும் மேற்பலகையில் கோத்து, ஜன்னலோரம் நிறுத்தி, தட்டினார்.

டக்.

"ஆடுதுங்க."

"புதுசு இல்லையா, கூச்சப்படுது."

ஜன்னல் பக்கத்துக் கால் ஒன்று தரையைத் தொடவில்லை. பட்டறைக்கு ஓடினார். திரையில் அந்தக் காலைக் கொஞ்சம் நீட்டினார். மெஷின் மறுபேச்சில்லாமல் புதுக் கால் கொடுத்தது. ஆட்டம் நின்றது.

"ஏங்க, தம்ளர்ல தண்ணி ஒரு பக்கமா நிக்குதே."

மறுபடி ஓட்டம். இரண்டாவது காலும் நீண்டது. உடனே மூன்றாவது அந்தரத்தில் நின்றது. மகள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல், ஜன்னலடிக்கு உருண்டு போகும் கோலிக்குண்டைப் பொறுக்க மேசைக்கடியில் புகுந்து புகுந்து வந்தாள்.

கடைசித் தடவை பட்டறைக்காரர் தயங்கினார். "சார், நாலு காலும் நாலு உயரத்துல இருக்கே?"

"அவ்வளவு நுணுக்கம் இருக்கற மெஷின வெச்சுக்கிட்டு, எல்லாத்தையும் ஒரே மாதிரி வெட்டுனா மெஷினுக்கே அவமானம்."

மச்சான் வந்தார். உலுக்கினார். மேலே ஏறி உட்கார்ந்தே பார்த்தார். மேசை மலைபோல நின்றது.

"மாப்ள, அசத்திட்டீங்க. இப்பவே கடைக்கு ஏத்துங்க."

இப்போது காசாளரின் கால்களும் தரையைத் தொடவில்லை.

மனைவியும் மகளும் கூடவே போனார்கள். கடையில் வழவழவென்ற பளிங்குத் தரை. நட்டநடுவில் மேசையை இறக்கினார்கள். மச்சான் பெருமையாக ஒரு கையை ஊன்றினார். மேசை அந்தப் பக்கம் சாய்ந்து, யோசித்து, இந்தப் பக்கம் வந்தது.

"எங்க வீட்ல ஆடலையே, மச்சான்."

தரையில் குந்தியிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா, இங்க கோலி வெச்ச எடத்துலயே நிக்குது. நம்ம வீட்ல மட்டும் ஏம்ப்பா தானா ஜன்னலுக்கு ஓடுது?"

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வர, மச்சான் வாசல் பக்கம் போனார். காசாளர் சட்டைப்பையிலிருந்து மேசையின் வரைபடத்தை எடுத்து, சத்தமில்லாமல் நான்காக மடித்துக் குனிந்தார்.

"பத்தாதுங்க," என்றாள் மனைவி மெதுவாக. "எட்டா மடிங்க."