ஓர் ஊருக்கே பிறந்தநாள்

2025ஆம் ஆண்டு, சூன் திங்கள் பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானல் மலையில், கூக்காலுக்கு அப்பால், சாலை முடிந்து மூன்று கல் தொலைவில் உள்ள பூண்டுப்பாறை என்னும் மலையூரில் அன்று நூற்றுத் தொண்ணூற்றொருவருக்குப் பிறந்தநாள். அவர்களுள் ஒருவர்கூட அந்நாளில் பிறந்தவர் அல்லர். குறை இவ்வளவுதான்.

இதைக் குறை என்பதே நன்றி கெட்ட பேச்சு என்று அவ்வூர் விழாக் குழு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. தீர்மானத்தில் நியாயம் உண்டு. உலகில் இதுவரை தோன்றிய படைப்பாளர் எல்லாரும் ஏற்கெனவே பிறந்தவர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். பிறப்பையே எழுதிய பெருமை, பூண்டுப்பாறைத் தொடக்கப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் திருமலைச்சாமி ஒருவரையே சாரும். அன்று அவருக்கு எண்பது நிறைந்தது, சான்றிதழின்படி.

திருமலைச்சாமி ஒன்பது நூல்கள் இயற்றியவர். ‘பூண்டு விடு தூது’, ‘கூக்கால் ஏரி இரட்டைமணிமாலை’, ‘மூடுபனி வெண்பா நானூறு’ ஆகியவை அவற்றுள் தலையாயவை. மூன்றிலும் யாப்பு பிசகித் தளை தட்டும் இடம் ஒன்றுகூட இல்லை என்பதை அவரே பலமுறை சோதித்து உறுதி செய்திருக்கிறார். வேறு எவரும் சோதித்ததாகத் தகவல் இல்லை. ஒன்பது நூல்களின் எஞ்சிய படிகளும், அதாவது ஏறத்தாழ எல்லாப் படிகளும், அவருடைய கட்டிலுக்கு அடியில் ‘பாதுகாக்கப்பட்டு’ வந்தன. மலையில் ஈரம் மிகுதி. ஆதலால் பங்குனியில் அவற்றை வாசலில் வெயிலுக்குப் பரப்புவார். ஊரார் அந்நூல்களைப் பார்த்தது அப்போதுதான். அவற்றைப் புரட்டிப் பார்த்தவை கோழிகள் மட்டுமே.

ஆனால் அவர் எழுதிய வேறொன்று ஊரெல்லாம் பரவியது. அதன் பெயர் ‘மாணவர் சேர்க்கைப் பதிவேடு’.

1970ஆம் ஆண்டு, சூன் பதினைந்து, திங்கட்கிழமை. இருபத்தைந்து வயது இளைஞராகிய திருமலைச்சாமி பள்ளி வாயிலில் நின்று பிள்ளைகளை எண்ணினார். முப்பத்தெட்டு. நாற்பது பேர் இருந்தால் இரண்டாம் ஆசிரியர் வருவார். இல்லையேல் ஐந்து வகுப்புகளையும் அவர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டும். அவ்வேளையில் பூண்டுக்காட்டுப் பக்கமிருந்து ராக்காயி வந்தாள். வயது ஏழு. அவள் இடுப்பில் தங்கை பொன்னுத்தாய். வயது இரண்டரை. முப்பத்தொன்பது, நாற்பது.

முதல் வகுப்பில் சேர ஐந்து வயது வேண்டும் என்பது விதி. ஏழையும் இரண்டரையையும் எவ்வாறு ஐந்தாக்குவது? சிற்றாசிரியர் எவரும் இங்கே தயங்கியிருப்பர். படைப்பாளர் தயங்கவில்லை. இருவருக்கும் 15-6-1965 என்று அழகிய கையெழுத்தில் எழுதினார். அன்று முதல் அவர்கள் இரட்டையர். இரட்டையருள் ஒருவர் மற்றவரை இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளியில் சேர்ந்தது கல்வித்துறை வரலாற்றிலேயே அதுதான் முதன்முறையாக இருக்க வேண்டும். பொன்னுத்தாய் முதல் வகுப்பை மூன்று ஆண்டுகள் படித்தார். முதல் ஆண்டு முழுவதும் உறங்கினார்.

சூன் பதினைந்து என்பது திருமலைச்சாமியின் சொந்தச் சான்றிதழில் இருந்த பிறந்தநாள். தம் படைப்பின் அடியில் கையொப்பமிடுவது படைப்பாளர் இயல்பு. கையொப்பம் நன்றாக அமைந்துவிட்டதால், அடுத்து வந்த முப்பத்து மூன்று ஆண்டுகளும் சேர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் அதையே இட்டார். தைப்பனியில் பிறந்தவனும் ஐப்பசி மழையில் பிறந்தவளும் அவர் பேனா முனையில் மறுபடி பிறந்தார்கள்.

நெடுங்காலம் இதனால் எவருக்கும் இடையூறு இல்லை. அவ்வூரில் பிறந்தநாளை எவரும் கொண்டாடியதில்லை. பிறகு செல்பேசிக் கோபுரம் வந்தது. அதன் பின்னால் வாட்ஸப் வந்தது. அதற்கும் பின்னால் கேக் வந்தது. பூண்டுத் தரகரும் விழாக் குழுத் தலைவருமான கந்தவேல், ஊரில் பாதிப்பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவதை வாட்ஸப்பில் கண்டு மலைத்தார். ஆளுக்கொரு விழா எடுப்பதைவிட மொத்தமாக எடுப்பது சிக்கனம் என்று தோன்றியது. நூற்றுத் தொண்ணூறு முகங்கள் சுற்றிலும், நடுவில் தலைமையாசிரியர் முகம் பெரிதாகவும் அமைந்த பதாகை ஒன்று சமுதாயக்கூட வாசலில் எழுந்தது. ‘எண்பதாம் அகவையில் படைப்புச் செம்மல்: சாதனைகளும் வாழ்க்கை மாற்றங்களும்’ என்பது விழாவின் பெயர்.

திருமலைச்சாமி நாற்பது பக்கத்தில் ஏற்புரை எழுதி வைத்திருந்தார். நூலொன்றுக்கு நான்கு பக்கம். எஞ்சிய நான்கு பக்கம் ‘வாழ்க்கை மாற்றங்க’ளுக்கு. விழாவன்று விடியற்காலையில் அதைக் கண்ணாடி முன் நின்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பொன்னுத்தாய் வந்தார். அதே பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமைப்பவர்.

“சார், ஒரு சோலியா வந்தேன்.”

“‘அலுவலாக வந்தேன்’ என்று சொல். அமர், அம்மா.”

“ஒக்கார நேரமில்லைங்க. விழாவுக்கு எரநூறு பேருக்குச் சமைக்கணும், அடுப்புல உலை கெடக்கு. இந்தக் காயிதத்தப் பாருங்க. இந்த மாசம் முப்பதோட வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அறுவது முடிஞ்சிருச்சாம்.”

“வாழ்த்துகள்.”

“எனக்கு அம்பத்தேழுதான் சார் ஆகுது. ஒங்களுக்குத் தெரியாதா? மூக்கத் தொடச்சு விட்டு பலகையில ஒக்கார வச்சதே நீங்கதான.”

திருமலைச்சாமி ஏற்புரையின் மீது கண்ணை வைத்துக்கொண்டார்.

“எம்மக சுபஸ்ரீ இப்பத்தான் திண்டுக்கல்ல காலேசு சேந்திருக்கா. மூணு வருசப் படிப்பு. எனக்கும் மூணு வருசம் சோலி பாக்கி கெடக்குன்னு நம்பித்தான் சேத்துவிட்டேன். தேதியப் பாத்துத்தான் வயசாகும்னு யாரு கண்டா? ஆபீசுல கிளார்க்குகிட்ட கேட்டேன் சார். எழுதினவரு உசுரோட இருந்தா, ‘இது நானா உத்தேசமாப் போட்ட தேதி’ன்னு கையெழுத்துப் போட்டு ஒரு வரி வாங்கியாம்மா, மேல அனுப்பிப் பாக்கலாங்கிறாரு. ஒத்த வரி சார்.”

பொன்னுத்தாய் அலுவலகத்துக்கென எழுதிக் கொண்டு வந்திருந்த மனுவைத் திருமலைச்சாமி வாங்கினார். சிவப்பு மையால் ஒற்றுப்பிழை ஏழு, ஒருமை பன்மை மயக்கம் இரண்டு ஆகியவற்றைத் திருத்தினார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

“அந்த ஒரு வரி, சார்?”

“விழா முடியட்டும்.”

பொன்னுத்தாய் போன பிறகு அவரால் ஏற்புரையைத் தொடர இயலவில்லை. ஓய்வு பெற்ற 2003ஆம் ஆண்டில் அவரும் ஒரு மனு எழுதியிருந்தார். தம் ஆசிரியர் ஒருவர் பொறுப்பின்றி ஏதோ ஒரு நாளைத் தம் பிறந்தநாளாக எழுதிவிட்டார் என்றும், அதனால் இரண்டாண்டுப் பணி பறிபோகிறது என்றும், இதைச் செய்தவர் ஆசிரியர் என்னும் பெயருக்கே தகுதியற்றவர் என்றும் பதினொரு பக்கத்தில் முழங்கியிருந்தார். மனு தள்ளுபடியானது. எழுதியவர் உயிரோடு இல்லை என்பது காரணம்.

ஆகவே பொன்னுத்தாய் கேட்பது எத்தகையது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் கை எழவில்லை. ஒன்பது நூல்களை எவரும் திறந்ததில்லை. ஆனால் அந்த ஒற்றைத் தேதியை ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் பதித்து ஊரே மடியில் வைத்துக்கொண்டு திரிந்தது. கேட்ட இடத்திலெல்லாம் அதை ஒப்பித்தது. ஒன்று பொய்யென்று எழுதிக் கொடுத்தால் நூற்றுத் தொண்ணூறும் சரியும். பிறகு அவர் எழுதியதாக உலகில் எஞ்சுவது யாது? கட்டிலுக்கு அடியில் இருப்பவைதாம்.

விழா சிறப்பாகத் தொடங்கியது. கொடைக்கானலிலிருந்து ஜீப்பில் வந்த இருபது கிலோ கேக், வழியிலிருந்த வளைவுகள் அனைத்தையும் உள்வாங்கிக்கொண்டு வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிறந்தநாள் காண்பவர்தாம் கேக் வெட்ட வேண்டும் என்பது மரபாம். நூற்றுத் தொண்ணூறு பேரும் பூண்டுத்தாள் அறுக்கும் கத்தியோடு வரிசையில் நின்றார்கள். வாழ்த்துப்பாட்டில் எல்லாப் பெயரையும் விடாமல் பாடியதில் இருபத்திரண்டு நிமிடம் கழிந்தது. பதினெட்டாம் பெயரிலேயே கேக் தீர்ந்துவிட்டது. கிடைக்காதவர்களுக்குப் பொன்னுத்தாய் கேசரி கொடுத்தார்.

பிறகு கந்தவேல் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம்ம சாரு ஒம்பது பொஸ்தகம் எழுதியிருக்காரு. ஒவ்வொண்ணும் இத்தாந் தண்டி. அதப் படிக்கிறதுக்கு நமக்கு நேரமில்ல. அது நம்ம குத்தம். சார் குத்தம் கெடையாது. ஆனா அவரு எழுதுன பெறந்த தேதிய நம்மள்ல படிக்காதவன் உண்டா? அதான்யா எழுத்து.”

பலத்த கைத்தட்டல். திருமலைச்சாமி ஏற்புரையை மடியில் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார்.

அடுத்து, ‘வாழ்க்கை மாற்றங்கள்’ என்னும் தலைப்பில் மலைச்சாமி பேசினார். பூண்டு பயிரிடுபவர், தலைமையாசிரியரின் பழைய மாணவர்.

“எங்கண்ணனவிட எனக்கு ஒரு வருசம் மூப்பு, சாரு புண்ணியத்துல. மொத ஓட்டு நான்தான் போட்டேன். அவன் வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தான்.”

“ஏலே, எறங்குலே கீழ,” என்று கூட்டத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது.

“மரியாதையாப் பேசுடா தம்பி. சர்ட்டிபிகேட் இருக்கு.”

சிரிப்பு அடங்குவதற்குள் ராக்காயி எவரும் அழைக்காமலே மேடையேறிவிட்டார்.

“நானும் பொன்னுத்தாயும் ரெட்டப் பிள்ளைக. நான் பெறந்து நாலரை வருசங் கழிச்சு அவ பெறந்தா.”

கூடம் அதிர்ந்தது. சிலர் விசில் அடித்தார்கள்.

“நான் இவளத் தூக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்தேன். சேத்துக்கிட்டாரு. தூக்கிட்டு வராம வந்திருந்தா இவ இன்னும் மூணு வருசம் வேல பாத்திருப்பா. சரி, சிரிச்சது போதும். சார், ஒங்க பெறந்தநாளுக்கு நாங்கெல்லாம் இந்த விழாவக் குடுக்குறோம். நீங்க எந்தங்கச்சிக்கு ஒண்ணு குடுங்க. அந்த ஒத்த வரிய எழுதுங்க.”

வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனா ஒன்றையும் மேசைமேல் வைத்தார். கேசரிக் கரண்டியோடு சமையற்கட்டு வாசலில் நின்ற பொன்னுத்தாய் கரண்டியைக் கீழே வைத்தார்.

திருமலைச்சாமி பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். ‘இத்தேதி’ என்று எழுதினார். அதற்கு மேல் எழுத வேண்டியவை நான்கு சொற்கள். அவற்றை அவர் அறிவார். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அறிவார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். தம் வாழ்நாளில் தாம் எழுதுவதை இத்தனை பேர் இத்தனை ஆவலாகப் பார்த்தது அதுவே முதன்முறை என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. தாளைத் திருப்பினார். பத்து நிமிடம் விடாமல் எழுதினார். எழுந்து நின்று படித்தார்.

அது ஒரு வெண்பா. காலம் ஓர் ஆறென்றும், வயது அதன்மேல் மிதக்கும் நுரையென்றும், நுரையை எண்ணுவார் நீரைப் பருகாரென்றும் அதன் பொருள். பிழையற்ற வெண்பா.

“அடடா,” என்றார் கந்தவேல். கூடம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. இரட்டையர் இருவர் மட்டும் தட்டவில்லை.

பொன்னுத்தாய் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “இதுல தேதி எங்க சார் இருக்கு?”

“தேதியை வைத்தால் தளை தட்டும், அம்மா.”

அலுவலகத்தில் அவ்வெண்பாவை இருமுறை படித்துவிட்டு, நயம் பாராட்டி, திருப்பிக் கொடுத்தார்கள். சூன் முப்பதாம் நாள் பொன்னுத்தாய் ‘பணி நிறைவு’ பெற்றார். அதற்கும் விழா நடந்தது. திருமலைச்சாமி தாமே வந்திருந்து சால்வை போர்த்தினார். ‘அறுபதாண்டு நிறைந்த அன்னபூரணியே’ என்று தொடங்கும் வாழ்த்து மடலைச் சட்டமிட்டு வழங்கினார்.

பொன்னுத்தாய் அதன் வரிகளை விரலால் எண்ணினார்.

“சார், இதுல பதினாறு வரி இருக்கு. நான் ஒண்ணுதான கேட்டேன்.”

அதற்கும் கை தட்டினார்கள். தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

இத்தகையவரைப் போற்றாமல் இருக்க எவராலும் இயலாது. ஒரு தாயின் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றாண்டுகளை ஒரே கோட்டில் நீக்கிவிட்டு, நீக்கியது தெரிந்தும், அதைப் பற்றி ஒரு நிமிடமும் ஓயாமல் அழகாக எழுதிக்கொண்டே இருப்பது பெருந்திறமை. அத்திறமை கை தட்டுவோர் இல்லாத ஊரில் வளராது.

அவருடைய பத்தாம் நூல் வருகிற செப்டம்பர் ஐந்தாம் நாள், ஆசிரியர் தினத்தன்று வெளியிடப்படுகிறது. பொன்னுத்தாயின் மனுவை ஏற்க அலுவலகம் கொடுத்திருக்கும் கெடு அம்மாத இறுதி வரை. கந்தவேல் அழைப்பிதழை எல்லார்க்கும் அனுப்புகிறார். வாசகரே, உங்களுக்கும் வரும். அவசியம் போங்கள். முன்வரிசையில் அமருங்கள். அவர் எழுந்து படிக்கத் தொடங்கும்போது ஒரு வெள்ளைத்தாளை அவர்முன் வையுங்கள். கவிதை எழுதினால் வாங்காதீர்கள். அந்த ஒரு வரியை உரைநடையில் எழுதி, கையொப்பமிட்டு, பொன்னுத்தாயின் கையில் கொடுக்கும்வரை உங்கள் இரு கைகளையும் மடியிலேயே வைத்திருங்கள்.