பாக்கியசீலனைத் தேடியவர்கள்

"நெட்டுல உங்க பேரு எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் சார் முடிவு," என்றார் அப்பாத்துரை போனில். "கமிட்டியில ரெண்டு பேரு பேரு வந்திருக்கு. நீங்க ஒண்ணு, திருநவேலி ஜங்ஷன்ல கிளாஸ் எடுக்கிற செந்தூர்பாண்டி ஒண்ணு. யாரை எத்தன பேரு தேடுதாங்கன்னு என் மருமவன் பாத்துச் சொல்லுவான். சனிக்கிழமை இங்கன வந்திருங்க."

அப்பாத்துரை, கல்லிடைக்குறிச்சி அப்பளத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர். சங்கத்து ஆட்களுக்கு ஒரு வருஷம் வியாபாரப் பயிற்சி கொடுக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். பாளையங்கோட்டையில் 'சிகரம் பயிற்சி மையம்' நடத்தும் பாக்கியசீலனுக்கோ அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் மையத்தைப் பூட்டிவிட்டு, முக்கூடலில் மச்சான் ஹெப்ரானின் சிமெண்ட் கடையில் போய் உட்காருவதாக மனைவி எலிசபெத்திடம் வாக்குக் கொடுத்திருந்தார். 'யாரிடமும் கைகட்டி நிற்காதே' என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேசிய மனிதர். மச்சானிடம் கைகட்டி நிற்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போனை வைத்ததும் அலுவலக உதவியாளர் முத்துராணியைக் கூப்பிட்டார்.

"நம்ம பேரை எத்தன பேரு தேடுதாங்கன்னு பாக்க முடியுமாம்மா?"

"முடியும் சார். நெட்டுலயே ஏத்த எறக்கமா கோடு போட்டுக் காட்டும்."

காட்டியது. செந்தூர்பாண்டியின் கோட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது.

"என் கோடு எங்க?"

"அந்தா, அடியில ஓடுதே சார்."

"அது படத்தோட பார்டர் இல்லையா?"

"பார்டர் மேலதான் சார் ஓடுது."

பாக்கியசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. அவமானத்தைவிட ஆவல்தான் அவருக்கு அதிகமாக இருந்தது. இந்தச் செந்தூர்பாண்டியிடம் அப்படி என்னத்தைத் தேடுகிறார்கள்? அவன் பெயரை அடிக்கத் தொடங்கினார். முத்துராணி பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"சார், நீங்க தேடுனா அவருக்குத்தான் ஒண்ணு கூடும்."

அன்று சாயங்காலம்வரை இருவரும் ஆளுக்கொரு போனில் 'பாக்கியசீலன்' என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் போன் அவரைப் பார்த்து, நீங்கள் ரோபோவா என்று கேட்டது. பஸ் இருக்கும் படங்களையெல்லாம் தொட்டுக் காட்டி, தான் மனிதன்தான் என்று நிரூபித்தார். அதற்குத் திருப்தி இல்லை. படிக்கட்டுகளைக் காட்டச் சொன்னது. வெற்றிப் படிக்கட்டுகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டிருந்தவர், அதில் தோற்றுப்போனார்.

"ஒரே ஆளு தேடுனா கணக்குல சேராது போல சார்," என்றாள் முத்துராணி. "வேற வேற ஆளுங்க தேடணும்."

வேறு வேறு ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பது அவர் போகும் சர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான். ஆனால் விஷயத்தை உடைத்துச் சொன்னால் செந்தூர்பாண்டி காதுக்குப் போய்விடும். அதனால் சுருக்கமாக எழுதினார்: 'அன்பானவர்களே, எல்லாரும் நெட்டில் என் பெயரைத் தேடிப் பாருங்கள். காரணத்தைச் சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை.'

அந்தச் சபையில் காரணம் சொல்லாமல் ஒருவர் உதவி கேட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வழக்கோ, வியாதியோ, வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி பெரிதாக வந்திருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி பெர்சிஸ், பாக்கியசீலனை உடனே ஜெபக் குறிப்பில் சேர்த்துவிட்டாள். எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரிந்தால்தானே மனம் ஒன்றி ஜெபிக்க முடியும்? சபையே தேடியது.

மறுநாள் காலையில் முத்துராணி வாசலுக்கே ஓடி வந்தாள். "சார், கோடு எந்திரிச்சிருச்சு."

"எவ்வளவு?"

"செந்தூர்பாண்டியைத் தாண்டிருச்சு. என்னென்ன தேடியிருக்காங்கன்னும் காட்டுது."

"வாசிம்மா, கேப்போம்."

"'பாக்கியசீலன் ஆஸ்பத்திரி'. 'பாக்கியசீலன் கைது'." அவள் கொஞ்சம் தயங்கினாள். "'பாக்கியசீலன் எந்த ஜெயில்'."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் ஆவல் விடவில்லை. தன்னை எதற்காகக் கைது செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவரும் ஒருமுறை தேடிப் பார்த்தார்.

"ஒண்ணும் போடலியே," என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

"சார், மொதல்ல ஸ்டேட்டஸுல மறுப்பு போடுங்க."

போட்டார். 'நான் கைதாகவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. வதந்திகளை நம்பாதீர்கள்.' அதுவரை எதுவும் கேள்விப்படாதவர்களுக்கும் இப்போது சேதி போய்ச் சேர்ந்தது. அவரிடம் எப்போதோ பயிற்சி எடுத்த மேலப்பாளையத்துக்காரர்கள், வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் தேட ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. எலிசபெத் கதவைத் திறந்தால், பெர்சிஸ் ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிற்கிறாள். பின்னால் சபைப் பெண்கள். அவர்களுக்கும் பின்னால் கறுப்புக் கோட்டில் ஒருவர்.

"எது தேவைப்படும்னு தெரியல," என்றாள் பெர்சிஸ். "அதான் வக்கீலையும் கூட்டிட்டு வந்தோம்."

வக்கீல் பைய வந்து பாக்கியசீலனின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிருங்க."

"நான் ஒண்ணும் செய்யலியே."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

அவர்கள் ஜெபித்துவிட்டுப் போன பிறகு எலிசபெத் அவர் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஏங்க, ஹெப்ரான் போன் போட்டான். அழுதுட்டான். ஜாமீனுக்குக் கடைப் பத்திரத்தைத் தாரேங்கான். உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

பாக்கியசீலன் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கையில் அவருக்கே வெட்கமாக இருந்தது. யாரிடம் போய் நிற்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டாரோ, அந்த மச்சான்தான் கடையையே தூக்கிக் கொடுக்க வந்திருக்கிறான்.

எலிசபெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "கோடு இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"பொதிகை மலை மாதிரி நிக்குது."

"அப்ப சனிக்கிழமை அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டுப் போங்க. தேய்ச்சு வைக்கேன்."

சனிக்கிழமை நீலச் சட்டையோடு போனார். சங்கத்துக் கட்டடத்தின் மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. கீழே கமிட்டி முழுவதும் கூடியிருந்தது. பாக்கியசீலன் போனை மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சியே பாருங்க. செந்தூர்பாண்டி எங்க, நான் எங்க."

போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அப்பாத்துரை போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சார். செந்தூர்பாண்டிக்கே சொல்லிருதோம்."

பாக்கியசீலன் மேசைமேல் குனிந்தார். "அந்தக் கைது சமாச்சாரம் வெறும் புரளி அண்ணாச்சி. வக்கீலைக் கேட்டாலும் சொல்லுவாரு."

"புரளின்னு எங்களுக்கும் தெரியும். உங்க மேல ஒரு கொறையும் இல்ல சார்."

"பொறவு என்ன? அவரைத் தேடுனவுக என்னைவிட ரொம்பக் கொறச்சல்தானே?"

காபியோடு வந்த சங்கப் பொருளாளர் நீலாம்பாள் டம்ளரைப் பாக்கியசீலன் கையில் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"அதனாலதான் சார். போன வருஷம் வந்த பிரபலம் எங்க அப்பளச் சேர்மானத்தை ஊரு ஒலகத்துக்கே வீடியோவுல ஒப்பிச்சுட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவ யாருமே தேடாத ஆளா வேணும்னுதான் பாத்தோம். போன வாரம் வரைக்கும் உங்கள விட்டா எங்களுக்கு வேற ஆளே இல்ல."