கொட்டுற கேமும் சாகுற கேமும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உன் அக்காள் புருஷன் சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கே நான், மகன்கள் இருவர், மருமகள்கள் இருவர், லாரி எல்லோரும் சுகம். லாரிக்கு மட்டும் காலை நேரத்தில் கொஞ்சம் இருமல். அங்கே உன் சுகமும், உன் மகளின் சுகமும், உன் இடது காலில் மிச்சமிருக்கும் மூன்று விரல்களின் சுகமும் அறிய ஆவல். போன் செய்தால் உன் மகள் "அப்பா தூங்குறாங்க மாமா" என்கிறாள். பதினோரு மணிக்கும் தூங்குகிறாய், நாலு மணிக்கும் தூங்குகிறாய். அதனால்தான் கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். முதல் பாதியைப் பெரிய மருமகள் எழுதுகிறாள், மறுபாதியைச் சின்ன மருமகள் எழுதுவாள். நடுவில் கையெழுத்து மாறினால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. இந்த வீட்டில் இப்போது எதையும் சரிபாதியாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய பாலத்தில் விரிசல் கண்டு லாரிகளையெல்லாம் சுற்றுவழியில் விட்டார்களே, ரயில் நிலையத்துக் கடிகாரம் நாலு இருபதில் நின்று போய் யாரும் ஏனென்று கேட்காமல் விட்டார்களே, உன் அக்காள் போய் மூன்றாவது வருஷம், அந்த வருஷம்தான் இது ஆரம்பித்தது. சுற்றுவழி என்றால் லாரியில் முக்கால் மணி நேரம் கூடுதல். நடுவில் நான், ஸ்டியரிங்கில் பெரியவன், ஜன்னலோரம் சின்னவன். பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் வீடியோ கேம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாடியில் பெரியவன் ஒரு கேம் ஆடுகிறான், கீழே சின்னவன் இன்னொன்று. இரண்டிலும் கத்தி, இரண்டிலும் அரக்கன், இரண்டிலும் ஆடுகிறவன் ஒன்றுமில்லாதவனாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்க்க வேண்டும். பெயர் இரண்டுமே என் வாயில் நுழையவில்லை. பெரியவனுடையதில் ஒரு பூதத்தை அடித்தால் கத்தியும் கவசமும் மளமளவென்று கீழே கொட்டும், அதனால் அது கொட்டுற கேம். சின்னவனுடையதில் ஆடுகிறவன் சாவான், மறுபடி எழுந்து வந்து சாவான், அதனால் அது சாகுற கேம். முதல் நாள் சின்னவன், அண்ணன் ஆடுவது கேம் இல்லை, குப்பை பொறுக்குவது என்றான். இரண்டாம் நாள் பெரியவன், தம்பி ஆடுவது கேம் இல்லை, கைக்காசு கொடுத்து உதை வாங்குவது என்றான். மூன்றாம் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நம் தொழிலில் பேசாமல் இருக்க முடியுமா, நீயே சொல். மாடியிலிருந்து சாமான் இறக்கும்போது கனம் கீழ்ஆளுக்கு, கண் மேல்ஆளுக்கு. கீழ்ஆள் பின்பக்கமாக இறங்குகிறான், அவனுக்குத் தெரிவது சாமானின் முதுகு மட்டும். எந்தப் படி வழுக்கும், எங்கே திரும்பணும் என்பதை மேலே நிற்கிறவன் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். நாம் ஆறு பேர் ஒரே லாரியில் திரிந்த காலத்தில் நீதான் கீழ்ஆள், நான்தான் மேல்ஆள். உருண்டு வந்த லாரிக்குத் தோளைக் கொடுத்து முட்டுக்கட்டை என்று பேர் வாங்கியவன் நீ. கண் டாக்டர் வீட்டுக் கண்ணாடி அலமாரியை இறக்கும்போது எனக்குத் தும்மல் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு, உன் விரல் இரண்டு போனது. அன்றோடு நீ தொழிலை விட்டாய். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் எனக்குச் சொல்வார்கள், நான் மற்றவனுக்குச் சொல்ல வேண்டும். எழுபத்து நாலு வயதில் ஒவ்வொரு வேலைக்கும் கூடப் போய்ப் படியில் நின்றேன். இரண்டாம் மாடியில் ஒரு பிரிட்ஜ், மேலே பெரியவன், "அப்பா, அவனை இடது பக்கம் சாயச் சொல்லுங்க" என்கிறான். ஒரு கை தூரத்தில் நிற்கிற சின்னவன் காதில் அது விழுகிறது. ஆனால் நான் சொல்கிறவரை சாயமாட்டான். "சாயணுமாம்" என்றேன். "எவ்வளவுன்னு கேளுங்க" என்றான். பிரிட்ஜ் அந்தரத்தில் நிற்கிறது, வீட்டுக்காரம்மாள் என்னைப் பார்த்து, தம்பிக்குக் காது கேட்காதா என்று இரக்கமாகக் கேட்கிறாள்.

இது ஒரு நாள் ஆளைக் கொன்றுவிடும் என்று நானே இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். எந்த கேம் உசத்தி என்று தீர்ந்தால் பேசுவீர்களா என்றேன். பேசுவோம் என்றார்கள். யார் தீர்ப்புச் சொல்வது? கம்ப்யூட்டரில் கேமைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்சியாம். எதையுமே படிக்காத ஆள்தான் வேண்டுமாம். மச்சான், எழுபத்து நாலு வருஷமாக எனக்கு இருந்த ஒரே குறை அன்றைக்குத் தகுதியாகிவிட்டது. ஏற்பாடு இப்படி: ஒரு நாள் மாடி, ஒரு நாள் கீழே, சாயங்கால டீக்கு முன்னால் ஒரு மணி நேரம். கேமுக்குச் சொந்தக்காரன் அறைக்குள் இருக்கக்கூடாது, மற்றவன்தான் காவல். சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா.

(இங்கிருந்து எழுதுவது சின்ன மருமகள். பெரியவள் எழுதினதை இவளைப் படிக்கச் சொல்லி நான் கேட்டேன், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.)

கொட்டுற கேமில் நம்ம ஆள் நாற்பது இரும்புச் சட்டையும் முந்நூறு கத்தியும் முதுகில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். குனிந்துகூட எடுப்பதில்லை. ஒரு பீரோவுக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியவர்கள் நாம், எனக்குப் பார்க்கவே கூசியது. சாகுற கேம் அப்படி இல்லை. அதிகக் கனம் போட்டால் நடை மாறுகிறது, உருண்டு தப்பிக்கப் பார்த்தால் மூட்டை மாதிரி பொத்தென்று விழுகிறான். கத்தியை வீசினால் மூச்சு குறையும், நின்று வாங்க வேண்டும். இதைச் செய்தவன் எவனோ, வாழ்க்கையில் ஒரு நாளாவது சாமான் தூக்கியிருக்கிறான். முதல் வாசலில் ஒரு தடியன் நிற்கிறான், கையில் இரும்பு உலக்கை. அவனிடம் அறுபத்தொரு தடவை செத்தேன். அவன் வலது தோளைத் தூக்கி, இடது காலைத் தேய்த்தால் அடி மேலிருந்து வரும், காலைத் தேய்க்காவிட்டால் பக்கத்திலிருந்து வரும். கண் டாக்டர் வீட்டில் பத்தொன்பது படி, அதில் எது உயரம் எது கட்டை என்று இன்றைக்கும் சொல்லுவேன், இந்தத் தடியனா எனக்குப் பெரிசு. அறுபத்திரண்டாவது தடவை விழுந்தான். காவலுக்கு இருந்த பெரியவன், தம்பியின் கேம் என்பதை மறந்து கையைத் தட்டிவிட்டுப் பிறகு இருமினான்.

அத்தோடு சாகுற கேம்தான் உசத்தி என்று சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் நாலு மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து கொட்டுற கேமில் உட்கார்ந்தேன். பூதம் வெடித்தது, சாமான் கொட்டியது, ஒன்றிலும் கனமில்லை. நாள் முழுக்கத் தூக்கிவிட்டு வருகிறவனுக்குக் கனமில்லாத சாமான் எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் புரிந்தது. பெரியவன் ஏன் அதை ஆடுகிறான் என்பதும் புரிந்தது.

அங்கேதான் வந்தது வினை. பெரியவன் அந்த கேமில் ஒரு கோடாலி வைத்திருந்தான். ஐந்து மாதம் தேடி எடுத்தது, ஆரஞ்சு நிறத்தில் மின்னும். அதை வைத்துத்தான் நான் ஆடினேன். இரவல் வாங்கின கருவியைத் தீட்டித் திருப்பிக் கொடுப்பதுதானே நம் மரியாதை? அன்று மழை பிடித்தது, லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்ட சின்னவன் கீழே ஓடினான். நான் தனியாகக் கேமில் இருந்த கொல்லனிடம் போய்க் கோடாலியை நீட்டினேன். ஒரு பெட்டி வந்தது, அதில் ஏதோ எழுதியிருந்தது, இரண்டு பட்டன். கொல்லன் வேறு எதைக் கேட்பான், தீட்டணுமா என்றுதான் கேட்பான் என்று முதல் பட்டனை அமுக்கினேன். டங் என்று ஒரு சத்தம். கோடாலியைக் காணோம். உருக்கிவிட்டான் மச்சான். பதிலுக்கு நாலு ஆணி கொடுத்தான்.

சின்னவன் திரும்பி வந்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெரியவன் பார்த்துவிட்டான். கத்தவில்லை. முகம் வெளுத்து, "அப்பாவுக்கு அந்த பட்டனே தெரியாது. காவலுக்கு உக்காந்தவன் செஞ்ச வேலை" என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னான். சின்னவன் தான் தொடவில்லை என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னான். இரண்டு பெண்டாட்டிகளும் தண்ணீர்க் குழாயில் முகம் பார்க்காமல் நின்றார்கள். நான் அப்போதும் சொல்லவில்லை. வாயில் டீ இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு நாளுக்கு ஒரு வாய் டீ.

ஒன்பதாம் நாள் வக்கீல் ஆபீஸ் இரும்புப் பீரோ. மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, படி ஒரு ஆள் அகலம். உள்ளே ஒன்றுமே இல்லை என்று வக்கீல் சத்தியம் செய்தார், தூக்கினவுடனே வக்கீல் சத்தியம் என்று தெரிந்தது. கீழே சின்னவன், மேலே பெரியவன், தோளில் சாமான் தாங்கும் பட்டை. நான் பெரியவனுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்தது அவன் முதுகு, முதுகுக்கு அந்தப்பக்கம் பீரோவின் தலை, அவ்வளவுதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெரியவன் நின்றான். எதையோ பார்த்துவிட்டான் என்று அவன் கழுத்து சொன்னது. என்னடா என்றேன். கீழே சின்னவனின் குதிகால் அடுத்த படியைத் தேடிச் சுரண்டும் சத்தம் கேட்டது. பெரியவன் மெதுவாக, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி சொன்னான்: "அப்பா, முதல்ல அவன்கிட்ட கேளுங்க. என் கோடாலியை ஏன் உருக்கினான்னு."

கீழேயிருந்து சின்னவன், மூச்சு முட்ட: "நான் தொடலைன்னு சொல்லுங்கப்பா."

குதிகால் மறுபடி சுரண்டியது. அந்தப் படியில் என்ன இருக்கிறது என்று அந்த இடத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் வாயில் கோடாலி மாட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

"நான்தான் உருக்கினேன்" என்றேன்.

பெரியவனால் திரும்பிப் பார்க்க முடியாது, தோளில் அத்தனை கனம். "ஏன்?"

"தீட்டிக் குடுக்கலாம்னு பார்த்தேன்டா."

அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியாது. பீரோவும் கூடக் குலுங்கியது. பிறகு நாற்பத்தொரு நாளுக்கு அப்புறம் நேராகத் தம்பியைக் கூப்பிட்டான். "டேய், அடுத்த படி பாதி உடைஞ்சிருக்கு. அதைத் தாண்டிக் கால் வை."

"எந்தப் பக்கம்ண்ணே?"

"இடது பக்கம். சுவரை ஒட்டி வா. நான் பிடிச்சிருக்கேன்."

இறக்கிவிட்டார்கள். லாரியின் பின்கதவில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். சின்னவன் என்னைப் பார்த்து, "எட்டு நாளாப்பா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

மச்சான், கண் டாக்டர் வீட்டில் எனக்குத் தும்மல் வரவில்லை. அன்று காலையில், சாமான் சுற்றுகிற கம்பளியை யார் மறந்தது என்று நீ எல்லோர் முன்னாலும் என்னை ஏசினாய். பதினாலாவது படியில் எண்ணெய் கொட்டியிருந்ததை நான் பார்த்தேன். அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அடுத்த மூச்சில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. தும்மல் என்று பத்தொன்பது வருஷம் சொன்னேன். நீ நம்பியிருக்கமாட்டாய். நம்பாதவன்தான் நாலு மணிக்கும் தூங்குவான். (சின்ன மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா.)

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்றுதான். தீர்ப்பு இன்னும் பாக்கி. நான் குற்றவாளி ஆகிவிட்டதால் நீதிபதியாக இருக்க முடியாது. நீ தாய்மாமன், இரண்டு பேருக்கும் பொது. நீ வந்து இரண்டையும் ஆடிப் பார்த்து எது உசத்தி என்று சொன்னால்தான் இந்த வீடு ஒன்றாகும். இனிமேல் நான் அந்த கண்ட்ரோலரைக் கையால் தொடமாட்டேன், இது சத்தியம். வக்கீல் சத்தியம் இல்லை.

உன் மகளுக்கும் பேத்திகளுக்கும் என் ஆசீர்வாதம். தூக்குகிறது எல்லாம் பத்திரமாகக் கீழே இறங்கட்டும், வழியில் எந்தப் படியும் உடையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல்ஆள்
(கைநாட்டு)

பின்குறிப்பு: இதை எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார், மருமகள்களுக்குத் தெரியாது. கையெழுத்து புரியாவிட்டால் உன் ஊர் மருந்துக்கடையில் காட்டு. நீ ஐந்தாவது வரை படித்தவன், இதை மட்டும் நீயே படி. தும்மல் வரவில்லை என்று மேலே சொன்னது நிஜம், அதை அப்படியே வைத்துக்கொள். தீர்ப்புச் சொல்ல வா என்று கேட்டதுதான் சாக்கு. தீர்ப்பு யாருக்கும் வேண்டாம். இரண்டு பேரும் அந்தப் பீரோ நாளிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறார்கள், இரண்டு கேமையும் விட்டுவிட்டார்கள், இப்போது மாடியில் சேர்ந்து உட்கார்ந்து லாரி ஓட்டுகிற கேம் ஆடுகிறார்கள். பகலெல்லாம் லாரி, சாயங்காலமும் லாரி. சாகுற கேம் சும்மா கிடக்கிறது. தினமும் மூன்றிலிருந்து ஐந்து வரை நான்தான் ஆடுகிறேன், சத்தியம் செய்த அன்றைக்கும் ஆடினேன். ஒன்பதாவது வாசலில் வந்து நிற்கிறேன். இரும்புக் கதவு, இரண்டு சங்கிலி, ஒன்று மேலே, ஒன்று கீழே பள்ளத்தில். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், கீழே இழுக்கிறவன் தலைமேல்தான் கனம். மேலே நிற்கிறவன்தான் எப்போது என்று சொல்ல வேண்டும். இன்டர்நெட் வழியாக எங்கிருந்தோ முகம் தெரியாத ஆட்கள் உதவிக்கு வருகிறார்கள், வணக்கம் சொல்கிறார்கள், எப்போது என்று சொல்லாமலே இழுத்துவிடுகிறார்கள், நான் நசுங்கிச் சாகிறேன். முப்பத்தேழு தடவை ஆகிவிட்டது. சொல்லிவிட்டு இழுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நம் லாரியில் ஆறு பேர். நெட்டை போய்ப் பதினோரு வருஷம். கோணல் வாயன் படுத்தபடியே போனான். பாட்டுக்காரன் பாடிக்கொண்டே போனான். மௌனி போனதை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். இந்தத் தடவை கீழே நான் நிற்கிறேன். மேலே நின்று எனக்குச் சொல்ல இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தன், முட்டுக்கட்டை.